நக்கன் பஞ்சவன்மாதேவி

அரியலூர் மாவட்டத்தில் இன்று கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என மூன்றூர்களாய் விளங்குவது பழைய பழுவூரேயாம். கீழப்பழுவூர் ஆலந்துறை, திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. கீழையூர் இரட்டைக்கோயிலோ, சோழர்க்கு அடங்கி அப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர் 9-ஆம் நூற்றாண்டில் எடுத்தது. அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்பது அதன் பழம்பெயர்.

முதல் இராசராசன் தேவியருள் ஒருவரைக் கல்வெட்டு, பழுவூர் அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகள் நக்கன் பஞ்சவன்மாதேவி என்று குறிக்கின்றது. ஈண்டுத் தேவனார் யாவர்? பழுவேட்டரையரே யென்பர் ஒரு சாரார். அக்கோயிலில் எழுந்தருளிய இறைவரே யென்பர் மற்றொரு சாரார். தேவனார் மகள் என்பது சோழர் காலத்துக் கோயிற்பணி மகளிர்க்கு வழங்கிய பெயராதலின்.

நக்கன் என்பது சிவபெருமான் திருப்பெயர். தஞ்சைப் பெரியகோயிலில் இராசராசன் பலவூர்த் தளிகளினின்றும் கொணர்ந்து அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும் இதுவே முன்பெயர். அவர்க்குத் தனித்தனி மனையும், பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கல நெல்லும் அளிக்கப்பட்டன. ஆயினும் இப்பெயரொன்றே கொண்டு துணிதல் கூடாது. பழுவூரையடுத்த கோவிந்தபுத்தூரில், உத்தமசோழன் நாளில் கற்றளி யெடுத்த அதிகாரியும் அம்பலவன் பழுவூர் நக்கன் என்பவனே!

எனினும், முதற் பராந்தகன் மணந்த மகளைக் கூறுமிடத்து அன்பிற்செப்பேடு அவள் தந்தையைப் பழுவேட்டரையர் என வெளிப்படவே சுட்டுகின்றது. இங்கு அப்பெயர் இல்லை. ஆதலின் யான் பின்னையோர் பக்கமே சாய்வேன்.

இதனை ஓரவையிற் கூறியபோது முதியவரொருவர், "அரசியாரை இழித்துரைக்கின்றீர்" என்று வெகுண்டனர். அவர் கண்முன் நின்றது, கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்படுதற்கு முன்னிருந்த சீர்கேடு. ஆயிரமாண்டுக்கு முற்பட்ட கல்லை அக்கண்கொண்டு படித்தல் முறையன்று. சுமேரியர் நாட்டு ஊர் நகரில், சார்கோன் மன்னன் மகள் என்கெதுவன்னா, கி. மு. 2300-ஐ ஒட்டிய காலத்தில் நிலவுத்தெய்வத்தின் தலைமைப் பூசகியா யிருந்தாள். அரச குடிக்கு அது பெருமையாகவே இருந்தது.

பஞ்சவன்மாதேவியார் பெற்ற மதிப்பிற்கும் கல்லே சான்று. பட்டீச்சுரத்தருகே அவர் பெயரால் பஞ்சவன்மாதேவீச்சுரம் என்னும் பள்ளிப்படைக் கோயிலை முதல் இராசேந்திரன் எடுப்பித்தான். அவனை ஈன்றவர் வானவன்மாதேவியார், இவர் மாற்றன்னையே. பள்ளிப்படை பெரும்பாலும் அரசர்க்கே எடுக்கப்பெற்றதாதலின் இஃது அருமையுடைத்து. ஆயின் அக்கோயிலின் பொறுப்பு ஒரு பெண்மணிபால் விடப்படவில்லை. அதனை ஏற்றவர் இலகுலீச பண்டிதர்.