‘பொறுத்துக்கொள் மகளே’ என்பது எப்போதும் ஸபர் ஆகுமா?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள புரூக்ளினில் பாலஸ்தீனம், ஏமன், லெபனான் போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய அரபுக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு பிறந்து வளர்ந்த பாலஸ்தீன வம்சாவளி எழுத்தாளர் எதஃப் ரம், 2019ல் ‘எ உமன் இஸ் நோ மேன்’ என்ற நாவலை வெளியிட்டார். மாமியார், மருமகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்களின் கதை அது. மாமியார் தன் கணவனிடம் அடி வாங்கியவர். ஆனால் மகன் மருமகளை அடிக்கும்போது, பொறுத்துப் போகும்படி மருமகளுக்கே புத்தி சொல்கிறார். கல்லூரிக்குப் போக விரும்பும் பேத்தியை நிக்காஹ்வுக்கு நெருக்குகிறார்.

எல்லா அரபுக் குடும்பங்களும் இப்படி அல்ல. குடும்ப வன்முறை எந்தச் சமுதாயத்திற்கும் மட்டும் உரியதும் அல்ல. என்றாலும், அடிபட்டவரே அடுத்தவர் அடிபடுவதற்கு ஏன் துணை போகிறார் என்பது நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

வாப்பா உம்மாவை அடிப்பதைப் பார்த்து வளரும் மகன், கோபத்தைக் காட்டும் வழி அதுதான் என்று கற்கிறான். மகளோ, வாய் மூடி இருப்பதே நல்ல பெண்ணுக்கு அழகு என்று கற்கிறாள். அவளே பின்னாளில் மாமியாராகும்போது தான் கற்றதையே மருமகளுக்குக் கற்றுத் தருகிறாள்.

குடிபெயர்ந்த இடத்தில் இந்தச் சுமை கூடுகிறது. புதிதாக வந்த பெண்ணுக்கு மொழி தெரியாது. கையில் பணம் இருக்காது. தாய்வீடு கடல் கடந்து இருக்கும். குடியுரிமைத் தாள்களும் கணவன் கையில். வெளியே சொன்னால் குடும்பத்துக்கு ‘ஐபு’ என்ற அச்சம் வேறு. அரபுகளிடமிருந்து வந்த இந்தச் சொல் நம் வீடுகளிலும் புழங்குவதுதானே!

மாற்றமும் அங்கே நடந்திருக்கிறது. கணவனின் தயவை எதிர்பாராமல், பாதிக்கப்பட்ட மனைவி தானே குடியேற்ற உரிமைக்கு விண்ணப்பிக்க அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஏமன் நாட்டுத் தந்தைக்குப் பிறந்த ஷரீஃபா அல்கதீப் என்ற சகோதரி, முஸ்லிம் குடும்பங்களில் வன்முறையைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் ஒரு அமைப்பைத் தொடங்கினார். இமாம்களையும் சமுதாயத் தலைவர்களையும் இதுபற்றிப் பேச வைத்தது அவரது பெரும் பணி.

ஸபர் என்பது சோதனையில் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இழக்காமல் இருப்பது. அநீதிக்குக் காவல் நிற்பது அல்ல. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்குமாறு திருக்குர்ஆன் (4:135) பணிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் கையால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

வீட்டின் மூத்த பெண்களே! இந்தச் சங்கிலி உங்கள் கை வழியாகத்தான் கடந்து போகிறது. அறுக்கும் வலிமையும் உங்கள் கையில்தான். மகள் அழுதுகொண்டு வந்தால், ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்பதற்கு முன் அவளை உள்ளே அழைத்து அமர வையுங்கள். மகன் கை ஓங்கினால் முதலில் தடுப்பது உம்மாவின் குரலாக இருக்கட்டும்.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொருந்தும். உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம். நம் வீடுகளை அல்லாஹ் அமைதியின் இல்லங்களாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.