துணிபுரை எழுதுவது எப்படி?

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி ஈப்போ மாணவர் ஒருவர் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன” என்று தொடங்குகிறார். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே அது செய்தி, துணிபுரை அன்று. அடித்துவிட்டு, “துண்டாடலால் தொழிலாளர் எல்லாரும் வீடிழந்தனர்” என்கிறார். வேகம் இருக்கிறது, ஆனால் ‘எல்லாரும்’ நிற்காது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கியதே!

மூன்றாம் முறை: “லயத்து வீடு வேலையோடு பிணைந்திருந்ததால், துண்டாடலில் வேலை போனவருக்கு வீடு போனதே பேரிழப்பு.” இதை மறுக்கலாம், ‘கூலிதானே முதல்?’ என்று கேட்கலாம். கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான் கட்டுரை. ‘பிணைந்திருந்ததால்’ என்ற ஒரே சொல், அடுத்த பத்தியில் எதை நிறுவ வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது. லயத்தில் வாழ்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எழுதுமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.