மாசிக்காய் காய் அன்று!

நம் தோட்டத்து வீடுகளில் கைக்குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்துச் சரக்குகளுள் மாசிக்காயும் ஒன்று. மலாய்ச் சகோதரிகள் இதனை ‘மஞ்சாக்கானி’ என்பர். பிள்ளை பெற்ற தாய்மாருக்கான மருந்துகளில் சேர்ப்பர். பெயரில் காய் இருப்பினும் இது காய் அன்று. விதையும் இதில் இல்லை. இது ஒரு சிறு பூச்சியின் வீடாகும்.

துருக்கி, சிரியா, ஈரான் முதலிய நாடுகளில் ஓக் இனத்தைச் சேர்ந்த ஒரு குறுமரம் வளர்கின்றது. குளவி இனத்தைச் சார்ந்த சின்னஞ்சிறு பூச்சியொன்று அதன் மொட்டுகளில் முட்டையிடுகின்றது. நாம் பட்டையைச் சீவினால் ரப்பர் மரம் பால் சுரக்கின்றது அன்றோ? அதுபோல் ஓக் மரமும் வாளா இருப்பதில்லை. புழுவின் தூண்டுதலால் அவ்விடம் தடித்து உருண்டையாகத் திரள்கின்றது. புழுவுக்கு அதுவே உணவு, அதுவே உறைவிடம். வளர்ந்த பூச்சி அதனைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அதற்கு முன்னரே பறித்த மாசிக்காய் கனமும் துவர்ப்பும் மிக்கது. துளையுள்ளது தரத்தில் தாழ்ந்தது. இத்துவர்ப்புப் பொருளுடன் இரும்பு உப்பைக் கலந்தே ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதும் மை தயாரித்தனர்.

ஓக் மரத்தை நம்பி வாழும் உயிர் இஃதொன்று மட்டுமன்று. பிரிட்டனில் 2,300 வகை உயிர்கள் ஓக் மரங்களைப் பயன்படுத்துகின்றன எனவும், அவற்றுள் 326 வகைகள் ஓக் மரமின்றி வாழ இயலாதவை எனவும் ஆய்வாளர்கள் 2019-இல் கணக்கிட்டனர். இலை தின்னும் புழுக்கள் மரத்திற்குத் தொல்லையே. ஆயினும் அப்புழுக்களை ஊட்டியே சிறு பறவைகள் தம் குஞ்சுகளை வளர்க்கின்றன.

நம் நாட்டிலும் ஓக் குடும்ப மரங்கள் பல உண்டு. மலைக்காட்டு மெம்பெனிங்கும், நாம் கொட்டையை அவித்துண்ணும் பெராங்கானும் அக்குடும்பத்தினவே. ஐரோப்பிய ஓக்கின் மகரந்தத்தைக் காற்று சுமக்கின்றது. பெராங்கானின் மணமுள்ள பூக்களுக்கோ பூச்சிகளே துணை. பூச்சிக்கு மரம் தேவைப்படுவது போலவே மரத்திற்கும் பூச்சி தேவைப்படுகின்றது.

உலகில் ஏறத்தாழ 430 வகை ஓக் மரங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானவை அழியும் அபாயத்தில் உள்ளன என 2020-இல் வெளியான ஆய்வறிக்கை எச்சரித்தது. ஒரு மரவகை அழியுமாயின் அதனை மட்டுமே நம்பிய பூச்சியும் உடன் அழியும்; பிறிதொரு மரம் அதற்குப் புகலிடம் ஆகாது.

ஆகவே, தோட்டத்தை அடுத்துள்ள காட்டு மரமொன்றைப் பயனற்றது எனக் கருதி வெட்டுமுன், அதில் குடியிருக்கும் உயிர்கள் எத்தனை என்பதை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.