காதுக்குள் "தப், தப்" சத்தமா?

சிலருக்குக் காதில் வண்டு ரீங்காரம் போல விடாமல் சத்தம் கேட்கும். சிலருக்கு "தப், தப்" என்று விட்டு விட்டுக் கேட்கும். இரண்டும் ஒன்றல்ல.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். நாடியும் காதுச் சத்தமும் சேர்ந்தே துடிக்கின்றனவா? அப்படியானால் அது இரத்தம் ஓடும் சத்தமாக இருக்கலாம்.

மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய் காதை ஒட்டிச் செல்கிறது. இரத்தத்தைத் திரும்பக் கொண்டு வரும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. இரத்த சோகை இருந்தால் இரத்தம் வேகமாக ஓடும். அதனால் சத்தம் கேட்கலாம். இரத்தக் கொதிப்பாலும் கேட்கலாம். குழாய் குறுகினாலும் கேட்கலாம்.

அரிதாக, இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சிறு கட்டியும் காரணமாகலாம். செவிப்பறைக்குப் பின்னால் வரும் இப்படிப்பட்ட கட்டிக்குக் குளோமஸ் கட்டி என்று பெயர். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தால் சிவப்பாகத் தெரியும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. காதுத் துவாரத்திலும் இரத்தக் குழாய்க் கட்டி வரலாம். அது மிகவும் அரிது.

கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மெதுவாகவே வளரும். ஆனால் சும்மா விடவும் கூடாது. குளோமஸ் கட்டி வளர்ந்தால் எலும்பை அரிக்கும். காது மந்தமாகும். முகம் ஒரு பக்கம் கோணலாம்.

சத்தம் கேட்கிறதே என்று ஊக்கு, தீக்குச்சி, கொண்டை ஊசியால் காதைக் குடையாதீர்கள். தெருவில் காது குடைபவரிடமும் போகாதீர்கள். கட்டியில் பட்டால் இரத்தம் கொட்டும். காய்ச்சிய எண்ணெயும் ஊற்ற வேண்டாம்.

அடுகோடியில் இருப்பவர்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. விக்டோரியா அரசு மருத்துவமனைக்குப் போகலாம். கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. காது, மூக்கு, தொண்டை டாக்டர் எங்கே என்று கேளுங்கள். அவர் காதைப் பார்ப்பார். இரத்தக் கொதிப்பையும் இரத்தத்தையும் சோதிப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். கட்டி மண்டை எலும்புக்குள் போயிருந்தால் மூளை, நரம்பு டாக்டரும் பார்க்க வேண்டும். அதற்கு ஓசூர் சாலையில் நிமான்ஸ் இருக்கிறது.

கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுப்பது சுலபம். சிலருக்குக் கதிர் சிகிச்சை தருவார்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும்.

வீட்டு வேலை முடியட்டும் என்று பெண்கள் தங்கள் நோயைத் தள்ளிப் போடுகிறார்கள். அது வேண்டாம். காது போனால் திரும்ப வருமா?

பேசிப் பாருங்கள்:
1. நாடியோடு சேர்ந்து சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும்?
2. காதைக் குடைவது ஏன் ஆபத்து?