விளையாட்டா? பணயமா?

வடக்குப்பட்டிலிருந்து மத்ரஸாவுக்கு ஓத வரும் சிறுவன் ஒருவன் சென்ற மாதம் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், அத்தா என்னை வணிக வளாகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே காசு போட்டு ஆடினால் இயந்திரம் சீட்டுகளைக் கொட்டுகிறது. சீட்டுகளைக் கொடுத்தால் பரிசு தருகிறார்கள். இது கூடுமா?"

ஒரகடம் தொழிற்சாலையில் வாரமெல்லாம் உழைக்கும் தந்தை, ஒருநாள் தம் பிள்ளையை மகிழ்விக்க எண்ணியதில் குறையில்லை. ஆயினும் சிறுவனின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடுகையில் 'பின்பால்' என்னும் விளையாட்டின் வரலாறு எனக்குத் துணை புரிந்தது.

ஆணி அறைந்த சரிவுப் பலகையில் இரும்புக் குண்டை உந்திவிட்டு ஆடும் ஆட்டத்தை வாசகர்கள் சிறுவயதில் கண்டிருக்கலாம். 'பாகடெல்' எனப்படும் அதன் வழிவந்ததே பின்பால். 1931-இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் உருவாக்கிய 'பேஃபிள் பால்', நாணயம் போட்டு ஆடும் இவ்வாட்டத்தை அமெரிக்காவெங்கும் பரப்பியது. அந்நாளில் குண்டை உந்திய பின், பேழையை அசைத்துப் பார்ப்பதன்றி ஆடுபவர் செய்யத்தக்கது ஏதுமில்லை. சில இயந்திரங்கள் வென்றவருக்குக் காசும் கொடுத்தன. இது சூதாட்டமே என்று கூறி, 1942-இல் நியூயார்க் நகரம் இதைத் தடை செய்தது. மேயர் லகார்டியா சம்மட்டி எடுத்து இயந்திரங்களை உடைத்தார்.

1947-இல் வந்த 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில், குண்டைத் திருப்பி அடிக்கும் மின்துடுப்புகள் பொருத்தப்பட்டன. அதன்பின் கைத்திறனுக்கு இடம் பிறந்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நியூயார்க் நகரமன்றக் குழுவின் முன்னிலையில், குண்டு செல்லும் வழியை முன்கூட்டியே சொல்லி, அவ்வழியே செலுத்திக் காட்டினார். தடை நீங்கியது.

சிகாகோ வட்டாரத்தில் 1985-இல் தொடங்கிய பின்பால் கண்காட்சி இன்று புகழ்பெற்றது. நுழைவுக் கட்டணம் செலுத்தியபின், ஆட்டக்கூடத்தில் நாணயமின்றியே ஆடலாம். இத்தகைய கண்காட்சிக்கு முதன்முறை செல்பவர், இரு துடுப்புகளையும் ஒருசேர அடித்துக்கொண்டிருத்தல் ஆகாது. ஏறக்குறைய 80 கிராம் எடையுள்ள அந்த எஃகுக் குண்டை, உயர்த்திய துடுப்பில் தாங்கி நிறுத்தி, இலக்குப் பார்த்து அடித்தல் வேண்டும். பேழையை மிகையாக அசைத்தால், உள்ளே தொங்கும் ஊசற்குண்டு அதை உணர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிடும். பலகையின் அடியில் மின்காந்தச் சுருள்களும் கம்பிகளும் பின்னிக் கிடப்பதைக் கண்டால், நம் ஒரகடத்துத் தொழிலாளர் வியந்து நிற்பர்.

எனினும், திறமை உண்டு என்பதால் மட்டும் ஓர் ஆட்டம் தூய்மையாகிவிடாது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்றது. ஆனால் 2025-இல் இயற்றப்பட்ட நடுவண் அரசின் சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து இணையவழியில் ஆடுவதைத் தடுக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கியது பணயத்தால்தான். சூதை மார்க்கம் விலக்கியதன் நோக்கமும் குடும்பங்களைக் காப்பதன்றோ?

அச்சிறுவனிடம் நான் தீர்ப்பேதும் கூறவில்லை. "சீட்டும் பரிசும் இல்லையென்றால் அதை ஆடுவாயா?" என்று மட்டும் கேட்டேன்.

சற்று யோசித்தான். "பந்து எறிவதை ஆடுவேன், ஹஜ்ரத். மற்றதன் பக்கமே போகமாட்டேன்" என்றான்.

பெற்றோர்களே! அடுத்த முறை காசு கொடுக்குமுன் இதே கேள்வியை உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள்.