நெரிசலில் மூச்சு முட்டினால்...

வைகுண்ட ஏகாதசி வரிசையில் நிற்கும் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. உயிர் போய்விடுமோ என்னும் அச்சத்தில் மேலும் வேகமாக மூச்சு வாங்குகிறார். மருத்துவர்கள் இதனைப் 'பேனிக் அட்டாக்' என்பர். இதில் காற்று குறைவதில்லை. மிகையாக மூச்சு விடுவதால் குருதியில் கரியமில வாயுவே குறைகிறது. தலைச்சுற்றலும் மரத்துப்போதலும் அதனால் விளைபவை.

அவரை அமரச் செய்து, மூக்கின் வழியே மெல்ல மூச்சை உள்ளிழுத்து, அதைவிட நீண்ட நேரம் வெளிவிடச் சொல்ல வேண்டும். உள்ளிழுக்க ஒருமுறை, வெளிவிட இருமுறை 'நாராயணா' என மனத்துள் சொன்னால் அளவு தானே அமையும். திருமூலர் உரைத்த பூரகம், கும்பகம், இரேசகம் ஆகிய மூன்றனுள் அவ்வேளையில் துணைநிற்பது இரேசகமே; மூச்சை அடக்குதல் வேண்டா.

முதன்முறை நேர்ந்தாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ இதய நோயாகவும் இருக்கலாம்; உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பெருமாள் காத்திருப்பார்.