டேங்கர் ஓட்டுநருக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும்?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரி வழியா ஒரகடம் போயிருக்கீங்களா? கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எரிபொருளும் ரசாயனமும் ஏற்றிய டேங்கர்களும் அங்கே ஓடும். உங்கள் வீட்டில் ஒருவர் அந்த வண்டியை ஓட்டுபவர் என்றால், இதை அவசியம் படியுங்கள்.

2025 ஜனவரி 3 அதிகாலையில், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சுமார் 18 டன் சமையல் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டே இருந்தார்கள். உயிரிழப்பு இல்லை. ஆனால் 2012-ல் கேரளாவின் கண்ணூர் அருகே சாலாவில் இதேபோல் கவிழ்ந்த டேங்கர் தீப்பிடித்ததில் பலர் இறந்தார்கள். ஒரு தீப்பொறிதான் வித்தியாசம்.

வண்டியில் இருக்க வேண்டியவை

• தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, டூல் பாக்ஸ். இவற்றைத் தர வேண்டியது வண்டி உரிமையாளரின் பொறுப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இதைத் தெளிவாகச் சொல்கிறது.
• சைலன்சரில் தீப்பொறி தடுப்பான்.
• ‘டிரெம் கார்டு’: என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது என்ற விவரம். இது கேபினிலேயே இருக்க வேண்டும்.
• இரு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை. அதில் உள்ள 1203 என்ற எண் பெட்ரோலைக் குறிக்கும். 1075 என்றால் சமையல் எரிவாயு.

ஓட்டுநர் அணிய வேண்டியவை

ஹெல்மெட், ஷூ, கையுறை, கண்ணாடி. சட்டை பருத்தியாக இருக்கட்டும். நைலான் துணி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். சரக்கு இறக்கும் முன் எர்த் ஒயர் மாட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். திரவ எரிவாயு கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். அதனால் கையுறையைக் கழற்றவே கூடாது.

லைசென்ஸ்

ஆபத்தான சரக்கு ஏற்ற, சாதாரண லைசென்ஸ் போதாது. 3 நாள் பயிற்சி முடித்து, சான்றிதழுடன் பரிவாகன் இணையதளத்தில் மேற்குறிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இது 3 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் வீடியோ எடுக்கக் கிட்டே போகாதீங்க. எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக விலகுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தூரம் போன பிறகு 112-ஐ அழைத்து, பலகையில் பார்த்த எண்ணைச் சொல்லுங்கள். எரிவாயுக் கசிவுக்கு 1906 என்ற எண்ணும் உண்டு. சிந்தும் பெட்ரோலைப் பிடிக்கக் குடத்துடன் ஓடவே ஓடாதீர்கள். 2017-ல் பாகிஸ்தானின் பகவல்பூரில் அப்படி ஓடிய 200-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள்.

இன்று வீட்டுக்கு வரும் ஓட்டுநரிடம் ஒன்று கேளுங்கள்: “உங்க வண்டியில தீயணைப்புக் கருவி இருக்கா? கடைசியா எப்ப செக் பண்ணாங்க?”